சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் எண்

ஜூன் 10

புத்தகக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. தேதி அச்சடிக்கவில்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கஞ்சப் பயல்கள். ஆனாலும் தாள் நல்ல தாள், மை ஊறவில்லை.

பத்தாம் வகுப்பு முதன்முறையாக என் கைக்கு வந்திருக்கிறது. எட்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கே கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் தாளாளர் ஐயா கூப்பிட்டு, "ஜெயக்கொடி டீச்சர், இந்த வருசம் பத்தாம் வகுப்ப நீங்க பாத்துக்கிடுங்க. உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்றார். கணக்கு நன்றாக எடுக்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், கையெழுத்தைச் சொன்னார். எதுவானால் என்ன, அடுத்த வருடம் தலைமையாசிரியை நாற்காலி காலியாகிறது என்பதையும் சொன்னார்.

எங்கள் பள்ளி பாதிப் பள்ளி. நீளமான ஓட்டுக் கட்டடம், முழுவதும் முனிசிபல் பள்ளியாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நகராட்சி வடக்குப் பாதியை டிரஸ்ட்டிடம் கொடுத்து நடத்தச் சொன்னது. நடுவில் இருந்த பெரிய ஹாலைச் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். இந்தப் பாதி எங்கள் பத்தாம் வகுப்பு, அந்தப் பாதி அவர்கள் பத்தாம் வகுப்பு. சுவர் ஓடு வரை போகவில்லை, மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கிறது.

தாளாளர் ஐயா வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுவரைக் காட்டுவார். "ஒரே கட்டடம், ஒரே ஓடு, ஒரே தெருப் பிள்ளைங்க, அதே பாடப் புத்தகம். அந்தப் பக்கம் அறுபத்து நாலு சதவீதம், இந்தப் பக்கம் ஆறு வருசமா நூறு. வித்தியாசம் என்ன? உழைப்பு." இதைச் சொல்லும்போது சுவரைத் தட்டுவார்.

மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். பெயர்ப் பதிவேடு எழுதி முடித்தேன். ஓர் அடித்தல் கிடையாது.

ஜூன் 27

ஏழாம் எண், மு. இசக்கியம்மாள். கடைசி பெஞ்சு, சுவரோரம். காலையில் எண்ணைக் கூப்பிட்டால் மற்றதெல்லாம் முனகும். இவள் மட்டும் ஒரு மூச்சு தாமதித்து, சந்தையில் கூவுகிறவள் மாதிரி "உள்ளேன் டீச்சர்" என்கிறாள். "ஏட்டி, பக்கத்து ஊருக்கா சொல்லுத?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பின்னம் தெரியவில்லை. அரையும் காலும் கூட்டச் சொன்னால் ஆறில் இரண்டு என்று எழுதுகிறாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாளாம். எட்டாம் வகுப்பில் இவளுக்கு யார் கணக்கு எடுத்தது என்று எரிச்சலாக வந்தது. பிறகு நினைவு வந்தது, நான்தான்.

சிலிண்டர் வந்தது. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 16

முதல் இடைப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். இசக்கி ஆறு மதிப்பெண். நூற்றுக்கு.

அவள் அம்மா பூமாரி சாயங்காலம் வந்தார். பீடி சுற்றுகிறவர், விரல் நுனியெல்லாம் மஞ்சள். "டீச்சர், இவ அக்காள பத்துல பெயிலானதும் மில்லுக்கு அனுப்பிட்டாரு அவ அப்பா. மூணு வருசம் அங்கனயே தங்கி வேல. வந்த பிள்ள இப்ப யாருட்டயும் பேசமாட்டேங்கா. இவளாவது பாசாயிட்டா நர்ஸ் படிப்புல சேத்து விட்டுருவேன். கணக்கு ஒண்ணுதான் டீச்சர், முப்பத்தஞ்சு போதும்" என்றார்.

பார்ப்போம் என்றேன். அந்த அம்மாள் போன பிறகு நாற்காலியில் புகையிலை வாடை இருந்தது.

ஜூலை 25

இந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. எட்டாம் வகுப்பில் இருந்தவரை காதில் விழுந்ததே தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் சில பெயர்களை எழுதிப் பதிவேட்டுக்குள் வைத்துவிட வேண்டும். தலைப்புக் கிடையாது, கையொப்பம் கிடையாது, பென்சிலில்தான் எழுத வேண்டும். பதிவேடு தாளாளர் அறைக்குப் போய்த் திரும்பி வரும்போது சீட்டு இருக்காது. யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள்.

மூன்று பெயர் எழுதினேன். பென்சில்தானே. பென்சிலில் எழுதினால் எழுதியதாகாது.

ஜூலை 27

பூமாரி வாசலில் நின்றார். கையில் மாற்றுச் சான்றிதழ். "பிள்ளைக்கு ஏத்த இடம் அந்தப் பக்கம்தான்னு ஐயா சொல்லுதாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு டீச்சர்."

என் கையில் ஒன்றும் இல்லை என்றேன்.

இசக்கி அம்மாவுக்குப் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 28

ஞாயிறு. துணி ஊற வைத்துவிட்டு உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. கையெழுத்தைப் புகழ்ந்ததன் அர்த்தம் இன்றைக்குத்தான் புரிந்தது. வருகைப் பதிவேட்டை ஜூன் பத்திலிருந்து புதிதாக எழுத வேண்டும். மூன்று பெயர் இல்லாமல், முப்பத்தெட்டுப் பேருடன், முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது போல. அதே பேனா, இடையிடையே வேறு மை, யார் எந்த நாள் லீவு என்பது மாறாமல். எட்டாம் எண் உமாதேவி இப்போது ஏழாம் எண்.

இவர் மில் ஷிப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஜெயா, இம்போசிஷனா? யார் கொடுத்தது?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய பதிவேட்டை நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்.

ஜூலை 29

வகுப்பில் எண் கூப்பிட்டேன். ஏழு என்றதும் உமாதேவி "உள்ளேன் டீச்சர்" என்றாள். எட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு மூச்சு கழித்து இன்னொரு "உள்ளேன் டீச்சர்" கேட்டது.

யார் என்று கேட்டேன். எல்லாரும் நோட்டைப் பார்த்தார்கள். "கடைசி பெஞ்சில யாருட்டீ?" என்றேன். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில், "யாருமில்ல டீச்சர்" என்றார்கள்.

காலி இடத்தை யாரும் நெருங்கி உட்கார்ந்து நிரப்பவில்லை.

ஜூலை 30

இன்றும்.

ஆகஸ்ட் 2

ஹால் உயரமானது, எதிரொலிக்கும். உமாதேவியின் குரல் மோதித் திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

ஆனால் மற்ற எண்களுக்கு எதிரொலி வருவதில்லை.

ஆகஸ்ட் 21

வாரத் தேர்வு. முப்பத்தெட்டுப் பேருக்கு முப்பத்தொன்பது தாள். இரண்டு முறை எண்ணினேன். ஏழாம் எண் போட்டு இரண்டு தாள், இரண்டிலும் பெயர் இல்லை. ஒன்று உமாதேவியுடையது, குண்டு குண்டாக எழுதுவாள். மற்றது சாய்ந்த கையெழுத்து, கோடு போடாத தாள். அதில் அரையும் காலும் கூட்டியதில் மீண்டும் ஆறில் இரண்டு.

திருத்தினேன். கட்டுக்குள் இருக்கும் தாளைத் திருத்துவது வழக்கம். ஒன்பது மதிப்பெண். கீழே பொதுப்பகுதி காண்பது எப்படி என்று சிவப்பு மையில் நாலு வரி எழுதி வைத்தேன்.

திருத்திய தாள்களைக் கொடுத்தபோது அது ஒன்று மிஞ்சியது. ஜன்னல் மேல் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் காணோம். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும்.

செப்டம்பர் 26

காலாண்டு முடிந்தது. கூடுதல் தாளில் பதினான்கு. பின்னம் சரியாகப் போட்டிருக்கிறது.

"போட்டிருக்கிறாள்" என்று எழுத வந்தது. அப்படி எழுதினால் யார் என்று சொல்ல வேண்டிவரும்.

அக்டோபர் 20

இரண்டாவது சீட்டில் இரண்டு பெயர். பதிவேடு மீண்டும் ஜூன் பத்திலிருந்து. இப்போது முப்பத்தாறு. மூன்றாவது முறை எழுதுவதால் கை தானாக ஓடுகிறது. ஏழாவது வரியில் இரண்டு இடத்தில் "இசக்கி" என்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. முதுகு ஒடிந்துவிட்டது.

இந்த டைரியில் ஜூன் இருபத்தேழாம் தேதிப் பக்கத்தையும் மாற்றி எழுதலாமா என்று எடுத்துப் பார்த்தேன். படித்துவிட்டு மூடி வைத்தேன்.

நவம்பர் 8

தேர்வு மையக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முனிசிபல் பள்ளித் தலைமையாசிரியர் கிறிஸ்டோபர் சார் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், சட்டைப் பை கிழிந்திருந்தது.

"எங்க பக்கம் கணக்கு டீச்சரு மாறுதல்ல போயி மூணு மாசம் ஆச்சும்மா. ஆள் போட மாட்டேங்கான். நானும் ஆபீஸ் வேலையப் பாத்துக்கிட்டு என்னத்த எடுக்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்புடாது. கணக்குப் பீரியட் வந்தா பத்தாங்கிளாஸ் பிள்ளைய எல்லாம் பெஞ்சத் திருப்பிப் போட்டுச் சொவத்தப் பாத்து உக்காந்துருதுவ. சத்தமே கிடையாது. நாப்பத்தஞ்சு நிமிசம் சொவத்தையே பாத்துக்கிட்டு இருக்குவ. மொதல்ல உங்க பக்கத்துல இருந்து வந்த அந்த அஞ்சு பிள்ளையதான் செஞ்சுதுவ, இப்ப மொத்தக் கிளாசும். ஏம்லன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுவ. பாக்கதுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா."

பேருந்தில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். மூன்று மாதமாக முப்பது, நாற்பது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. நடுவில் ஒரு செங்கல் கனம்.

நவம்பர் 11

கொஞ்சம் சளி. சளி இருந்தால் குரல் எடுபடாது, உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லிவிடுகிறேன். "எக்ஸ் ஸ்கொயர், பிளஸ், அஞ்சு எக்ஸ், பிளஸ், ஆறு." எங்கள் பிள்ளைகளுக்கும் அது நல்லதுதானே.

நவம்பர் 13

கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால், மேலே இருந்து ஏதோ பொத்தென்று விழுந்தது. பிறகு உமாதேவியின் கொலுசுச் சத்தம், அவள் திரும்பிப் போய் உட்காரும் சத்தம். நான் திரும்பவில்லை. அந்த வரியை அழித்துவிட்டு நிதானமாக மறுபடி எழுதினேன்.

வாரத் தேர்வில் கூடுதல் தாளுக்கு இருபத்தேழு மதிப்பெண்.

நவம்பர் 29

தாளாளர் ஐயா ஹால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். "தொண்ட கெட்டுப்போகும் டீச்சர். முன்னால இருக்க முப்பத்தாறு பேருக்கு இவ்வளவு சத்தம் எதுக்கு?" என்றார்.

சளி என்றேன்.

டிசம்பர் 6

நகராட்சியிலிருந்து குழு வந்தது. இரண்டு பக்கத்து முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, தெற்குப் பாதியையும் டிரஸ்ட்டிடமே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். ஐயா சுவரைத் தட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கணக்குப் பீரியட் அது.

அவர்கள் போன பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பக்கமும் நம்ம பக்கம் ஆயிட்டா, நம்ம அனுப்புத பிள்ளைகள எந்தப் பக்கம் அனுப்புவோம் ஐயா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அப்பப் பாத்துக்கிடலாம் டீச்சர்."

டிசம்பர் 23

அரையாண்டுத் தாள்கள். கூடுதல் தாளில் முப்பத்து மூன்று!

முக்கோணவியலில் ஒரு கணக்கை நான் போடாத வழியில் போட்டிருக்கிறாள், சரியாக. எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். இன்னும் இரண்டு மதிப்பெண். மூன்று மாதம் இருக்கிறது. இவரிடம் சொன்னேன். "யாரு பெத்த பிள்ளைக்கோ இப்படிச் சந்தோசப்படுத" என்றார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டிசம்பர் 30

ஒரு தவறு செய்துவிட்டேன். பட்டியல் எழுதும் கைக்குக் கட்டுக்குள் இருக்கிற தாளையெல்லாம் ஏற்றித்தான் பழக்கம். கூடுதல் தாளை எப்போதும் ஒதுக்கி வைத்துவிடுவேன். இந்த முறை சந்தோஷத்தில் அது கட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அலுவலகத்துக்குப் போன மதிப்பெண் பட்டியலில் முப்பத்தாறு வரிக்குக் கீழே முப்பத்தேழாவதாக ஒரு வரி, என் அச்சுக் கையெழுத்தில்: 7 - 33.

தாளாளர் ஐயா கூப்பிட்டார். "ஏழுக்கு ரெண்டு மார்க் இருக்கே. உமாதேவிக்கு எம்பத்தொண்ணு. இந்த முப்பத்து மூணு யாரு?"

"எழுத்துப் பிழை ஐயா."

"உங்களுக்கா?" என்றார். தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்தார். கோபம் இல்லை. அவருக்கு எப்போதும் கோபம் வருவதில்லை. கதவு வரை வந்த என்னை மறுபடி கூப்பிட்டு, "அந்த ஹால்ல மேல இருந்து காத்து நல்லா வருமோ?" என்று கேட்டார்.

வரும் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜனவரி 9

வகுப்புப் புகைப்படம். மூன்று வரிசையில் நிற்க வைத்தார்கள். இரண்டாவது வரிசையில் உமாதேவிக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம். புகைப்படக்காரர் "நெருங்கி நில்லுங்கம்மா" என்று மூன்று முறை சொன்னார். யாரும் நகரவில்லை. நேராகக் கேமராவையே பார்த்தார்கள். கடைசியில் அப்படியே எடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 13

அளவியல். கூம்பின் இடைக்கண்டம். வாளியைக் காட்டி விளக்கினேன், மேல்வாய் அகலம், அடி குறுகல். சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கன அளவு சமம் மூன்றில் ஒன்று, பை, ஹெச், அடைப்புக்குறிக்குள்... மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஊருக்குப் போகும் அவசரத்தில் பையைத் தூக்கிவிட்டார்கள். பொங்கல் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

சுவரைப் பார்த்தும் அதையே ஒருமுறை சொன்னேன். சுவர் மேல் பல்லி ஒன்று இருந்தது, அதைத்தான் பார்த்தேன்.

ஜனவரி 20

சுவர் ஓடு வரை எழும்பியிருக்கிறது. பொங்கல் லீவில் கொத்தனார் வந்திருக்கிறார். ஈரச் சிமெண்ட் வாடை. புதுப் பகுதிக்கு வெள்ளையடிக்கவில்லை, நெற்றியில் கட்டுப் போட்டது மாதிரி இருக்கிறது.

எண் கூப்பிட்டேன். ஏழு. உமாதேவி "உள்ளேன் டீச்சர்" என்றாள். நான் எட்டைக் கூப்பிடவில்லை, காத்திருந்தேன். பிள்ளைகளும் தலை குனிந்து காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

இடைக்கண்டத்தை முடித்தேன். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தித்தான் முடித்தேன். சிமெண்ட் எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

ஜனவரி 21

ஒன்றும் இல்லை.

ஜனவரி 24

தேர்வு வைத்தேன். முப்பத்தாறு பேர், முப்பத்தாறு தாள். கணக்குச் சரியாக இருந்தது. திருத்தப் பிடிக்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18

மெதுவாக மெதுவாக நடத்தியும் பாடம் முடிந்துவிட்டது. இன்றும் ஏழுக்குப் பிறகு நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்வதில்லை, பழகிவிட்டது.

உமாதேவியைத் தனியாகக் கூப்பிட்டு, "மில்லுக்கு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். யாரை என்று சொல்லவில்லை.

"இல்ல டீச்சர். வாரா. சொவத்துட்ட உக்காந்திருக்கா" என்றாள். நேரே அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். தெருவழியாக நூறு அடி. போகவில்லை. நாற்காலி காலியாகிற வருடம். இதை எழுதாமல் விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

மார்ச் 28

கணக்குத் தேர்வு. வினாத்தாளைப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் பகுதியில் கூம்பின் இடைக்கண்டம். வாளியேதான்.

மே 16

முடிவு வந்தது. எங்கள் பக்கம் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. ஓவியர் வந்து வாசல் போர்டில் ஏழாவது நூறு எழுதினார். லட்டு. ஐயா எல்லார் முன்னாலும் என் கையெழுத்தையும் உழைப்பையும் பாராட்டினார்.

வாசலில் கிறிஸ்டோபர் சாரைப் பார்த்தேன். எழுபத்தொன்று சதவீதமாம், அவர்களுக்கு அது திருவிழா. "உங்க பக்கத்துல இருந்து வந்த அஞ்சுல நாலு பாசும்மா. கணக்கு வாத்தியாரே இல்லாம" என்றார். பிறகு, "அந்த இசக்கி மட்டும் போயிட்டு. எல்லாத்துலயும் பாசு. கணக்குல முப்பத்தொண்ணு."

வீட்டுக்கு வந்தேன். முப்பத்தொன்றோடு நான் எதையும் கூட்டிப் பார்க்கவில்லை.

மே 17

கூட்டிப் பார்த்தேன்.

ஜூன் 9

பள்ளி திறந்தது. புதிய பத்தாம் வகுப்பு, நாற்பத்து நான்கு பேர். புதுப் பதிவேடு. தலைமையாசிரியை உத்தரவு அடுத்த மாதம் வரும் என்றார் ஐயா. "இந்தத் தடவ சீட்ட ஜூன்லயே வச்சுருங்க டீச்சர். சீக்கிரம் போனா அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான."

பென்சிலைச் சீவி வைத்தேன்.

ஜூன் 12

காலையில் சீட்டைப் பதிவேட்டுக்குள் வைத்து அனுப்பினேன். அதில் ஒன்றும் எழுதவில்லை. வெறும் தாள். பென்சில் பைக்குள்ளேயே இருந்தது.

நாலரை மணிக்கு வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, நூறு அடி நடந்து, முனிசிபல் வாசலுக்குள் போனேன். ஐயாவின் கார் தெருவிலேயே நின்றது. பார்த்திருப்பார்.

கிறிஸ்டோபர் சார் ஹாலைத் திறந்துவிட்டு, "துணைத்தேர்வு ஜூலை நாலாந்தேதி. அதுவர பிள்ளைய மில்லுக்கு அனுப்ப மாட்டேன்னு அவ அம்மா ஒத்தக் கால்ல நிக்கா. டெய்லி வந்து உக்காந்திருக்கும்மா. யாரும் சொல்லிக்கொடுக்கல, சும்மா உக்காந்திருக்கு" என்றார்.

உள்ளே இருட்டவில்லை, வெயில் சாய்வாக விழுந்திருந்தது. பெஞ்சுகள் இன்னும் சுவரைப் பார்த்தே கிடந்தன. சுவர் வெள்ளையாக இல்லை. கிட்டே போனேன்.

தரையிலிருந்து என் தோள் உயரம் வரை பென்சில் எழுத்து. பொடிப்பொடியாக, வரி வரியாக, ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. என் பாடம். நான் சொன்னது சொன்னபடி. "பொதுப்பகுதி காணணும், மறந்தா மண்டையில கொட்டுவேன்." "எக்ஸ் ஸ்கொயர், பிளஸ், அஞ்சு எக்ஸ்." "அங்க என்னல பராக்கு?" "கவனி, இது பரீட்சைக்கு வரும்." இடையில் நான் இருமியதைக்கூட "இருமல்" என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் தேதி. தேதிக்குக் கீழே ஒரு வரி: 7 - உள்ளேன்.

ஜூலை இருபத்தொன்பதில் ஆரம்பித்திருந்தது. என் பதிவேட்டை நான் இரண்டு முறை மாற்றி எழுதினேன். இதை யாரும் மாற்றவில்லை.

ஜனவரி பதின்மூன்றைத் தேடிப் போனேன். "கன அளவு = ⅓ π h (" என்று இருந்தது. திறந்த அடைப்புக்குறி. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளை இடம் விட்டிருந்தாள், பொங்கல் முடிந்து வந்து நிரப்ப.

அதற்கு அப்புறமும் தேதிகள் இருந்தன. ஜனவரி 20, 7 - உள்ளேன். ஜனவரி 21, 7 - உள்ளேன். பிப்ரவரி முழுக்க, மார்ச் வரை. தேதி, உள்ளேன், கீழே வெற்றுச் சுவர். தேதி, உள்ளேன், வெற்றுச் சுவர். நான் அந்தப் பக்கம் நிறுத்தி நிறுத்திக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் இந்தப் பக்கம் அவள் சொல்லியிருக்கிறாள்.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். குனிந்து, அந்த அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் சொல்லிக்கொண்டே எழுதினேன். பெரிய ஆர் ஸ்கொயர், பிளஸ், பெரிய ஆர் சின்ன ஆர், பிளஸ், சின்ன ஆர் ஸ்கொயர். அடைப்புக்குறியை மூடினேன். அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டேன்.

"ஏழு" என்றேன்.

ஒரு மூச்சு தாமதித்துத்தான் வந்தது.